முப்பத்து நான்கு பெண்களுக்கு ஒரே கைபேசி எண்

ஒருவர் தம் நோயை நம்மை நம்பிச் சொல்கிறார். நாம் அதைக் கணினியில் பதிந்து வைக்கிறோம். பின்னர் ஒரு நாள், முழுக்க முழுக்க நம் வசதிக்காக, அந்தப் பதிவை இன்னொரு கணினிக்கு நகலெடுக்க நேர்கிறது. நகலெடுப்பது பற்றி அவரிடம் நாம் கேட்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த நகலால் அவருக்கு ஒரு தீங்கு வந்தால் யார் பதில் சொல்வது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த நாள்களில், திண்டுக்கல்லில் இந்தக் கேள்வி என்னை வந்து பிடித்துக்கொண்டது. நாகல் நகர்ப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையில் நான் வேலை பார்க்கிறேன். கணினிப் பயன்பாட்டில் முதுகலை படித்தவள். 'கணினிப் பிரிவு' என்று கதவில் எழுதியிருக்கும். உள்ளே நான் ஒருத்திதான்.

அப்போது எங்களிடம் இருந்த மென்பொருள் மிகப் பழையது. அதை எழுதிக் கொடுத்தவர் எங்கோ வெளிநாட்டில் இருந்தார். அது ஓடிய சர்வர் வாரத்துக்கு இரண்டு முறையாவது மயங்கி விழும். விழுந்தால் நோயாளிகளுக்குப் பதிவுச் சீட்டுப் போட முடியாது. பழைய மருந்துக் குறிப்பைத் திறக்க முடியாது. வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்கு வந்துவிடும். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்கள் சுவரோரத்து நிழலைத் தேடி ஒதுங்கி நிற்பதை என் அறைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எனவே புதிய மென்பொருள் வாங்க நிர்வாகம் முடிவு செய்தது. கோவையைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் அதைச் செய்து தர முன்வந்தது.

மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். வெறும் பத்துப் பொய்ப் பெயர்களைப் போட்டுப் பார்த்தால் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் ஓடும். பல ஆண்டுகளாகப் பல கைகள் பதிந்த உண்மையான தரவு உள்ளே போனால்தான் அதன் பலமும் பலவீனமும் தெரியும். ஆகவே எங்கள் தரவு முழுவதையும் நகலெடுத்துத் தங்கள் இணைய இடத்தில் ஏற்றிவிடும்படி அந்த நிறுவனம் கேட்டது. தலைமை மருத்துவர் என்னை அழைத்து, "நீ என்ன சொல்றியோ அதான். யோசிச்சுச் சொல்லு" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு முந்தைய ஆண்டு நான் ஒரு தவறு செய்திருந்தேன். பழைய மென்பொருளில் ஒரு சிறு திருத்தத்தைச் சோதிப்பதற்காக, உண்மைத் தரவை அப்படியே என் மேசைக் கணினிக்கு நகலெடுத்தேன். சோதனைதானே, யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அந்த மென்பொருளுக்கு, நோயாளி வர வேண்டிய நாளை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பும் வேலையும் உண்டு. நகலுக்குத் தான் நகல் என்று தெரியாது. என் கணினி இணையத்தோடு இணைந்திருந்ததால், சோதனைக்காக நான் மாற்றிப் போட்டிருந்த வருகை நாள்களை நம்பி, அது தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. மறுநாள் காலையில், வர வேண்டிய தேவையே இல்லாத நாற்பது ஐம்பது பேர், கைபேசியைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

வீணாக வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். மருத்துவர் எல்லாரையும் பார்த்து அனுப்பினார். ஆனால் ஒரு பெண் மட்டும் கூட்டம் கலையும் வரை காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நான் இங்க வாரது எங்க வீட்டுல தெரியாதும்மா. போனு அவரு கையில இருந்துச்சு. படிச்சுட்டாரு" என்றார். செய்தியில் மனநலப் பிரிவு என்ற சொற்கள் இருந்தன. அவர் அதன் பிறகு எங்கள் மருத்துவமனைக்கு வரவில்லை. எங்கே போனார், மருந்தைத் தொடர்ந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நோயின் பெயரோ பிரிவின் பெயரோ இல்லாமல் செய்தியை உடனே மாற்றினோம். ஆனால் அவர் என் முன் நின்ற அந்த அரை நிமிடத்தை மாற்ற முடியவில்லை. எனவே மருத்துவர் கேட்டபோது என் பதில் ஆயத்தமாகவே இருந்தது. தரவு நம் கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. சோதனை நம் இடத்திலேயே, வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கணினியில் நடக்க வேண்டும். அதிலும் உண்மைப் பெயர்கள் இருக்கக் கூடாது.

நிறுவனத்தின் பொறியாளர் தொலைபேசியில் சலித்துக்கொண்டார். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர். பேச்சில் மரியாதை குறையாது. "ஏனுங்க மேடம், எல்லா ஆஸ்பத்திரியும்தான் அனுப்பறாங்க. நீங்க மட்டும் இவ்ளோ யோசிக்கறீங்களே? நாங்க என்ன தின்னுபோடுவமா?"

"நீங்க நல்லவருதான் சார். அந்த நகல் நல்லதா கெட்டதான்னுதான் எனக்குப் பயம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நேரில் வருவதாக ஒப்புக்கொண்டார்.

எக்ஸ்ரே படச்சுருள்கள் அடுக்கி வைத்திருந்த ஒரு சிறு அறை பயனற்றுக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து ஒரு பழைய கணினியை வைத்தேன். இணையக் கம்பி இல்லை. கம்பியில்லா இணைப்புக்கான அட்டையைத் திருகாணி கழற்றி எடுத்தேன். குறுஞ்செய்தி அனுப்பும் கருவியின் கடவுச்சொல்லை அமைப்பிலிருந்தே அழித்தேன்; அனுப்ப வேண்டும் என்று அது நினைத்தாலும் அனுப்ப வழி இருக்காது. கதவுக்கு ஒரு பூட்டு வேண்டும் என்றபோது, பதிவுச் சன்னலில் உட்காரும் அக்கா, தன் அண்ணன் பட்டறையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இத ஒடைக்கணும்னா செவுத்தத்தான் ஒடைக்கணும்" என்றார்.

இந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மருத்துவமனைக்கு வருபவர் எவராயினும் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். நாற்பதை ஒட்டிய வயது. கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். நான் கணினியில் செய்யும் எந்த மாற்றத்தையும் முதலில் திட்டி, பிறகு பயன்படுத்தி, அதன் பிறகு அது தன் யோசனை என்று மற்றவர்களிடம் சொல்பவர். எங்களுக்குள் நல்ல நட்பு.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைத் தொந்தரவு செய்யாமல், முந்தைய நாள் பேக்கப்பிலிருந்து நகலை எடுத்தேன். கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாத ஒரு டிஸ்க்கில் அதை ஏற்றி, எந்த நேரத்தில் எடுத்தோம், எந்த நேரத்தில் உள்ளே வைத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி, அக்காவும் நானும் கையெழுத்திட்டோம். பிறகு அந்தப் பூட்டிய அறைக்குள் இரண்டு நாள் உட்கார்ந்து தரவின் அடையாளங்களை மாற்றினேன். பெயர்களுக்குப் பதில் வேறு பெயர்கள். வீட்டு எண்ணும் தெருவும் நீங்கின. பிறந்த நாள்கள் சில வாரங்கள் முன்னும் பின்னும் நகர்ந்தன. ஒவ்வொரு நோயாளிக்கும் இருந்த கைபேசி எண்ணை எடுத்துவிட்டு, கணினி தானாக உருவாக்கிய ஒரு பொய் எண்ணைப் போட்டேன். நோய், மருந்து, ஒவ்வாமை ஆகியவை மட்டும் அப்படியே இருந்தன; ஆனால் அவை யாருடையவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, உள்ளே கொண்டுவந்த அசல் நகலை அழித்தேன்.

வியாழக்கிழமை பொறியாளர் பேருந்தில் வந்து இறங்கினார். அறைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை என்றதும் அவர் முகம் மாறியது. அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டினார். "கோயில்ல செருப்ப விடுற மாதிரிதான் அப்பு. இங்க போட்டுட்டுப் போ. காணாமப் போகாது, நான் பாத்துக்கிறேன்."

அன்று மாலைக்குள் எங்கள் தரவு முழுவதும் புதிய மென்பொருளுக்குள் ஏறிவிட்டது. பழையதில் எத்தனை நோயாளிகளோ, புதியதிலும் சரியாக அத்தனை பேர். ஒருவர்கூடக் குறையவில்லை. ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. திரையில் வரிசையாகப் பச்சைக் குறிகள். திங்கட்கிழமையே மாற்றிவிடலாம் என்றார் பொறியாளர். நான் மருத்துவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தவறு செய்த இடத்திலேயே தவறில்லாமல் ஒன்றைச் செய்து முடித்துவிட்டேன் என்ற பெருமிதம் எனக்கு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கூட்டம் குறைந்த பிற்பகலில், பழகிக்கொள்வதற்காக அக்காவை அந்த அறைக்குள் உட்கார வைத்தோம். அவர் சற்று நேரம் எதையோ தட்டிப் பார்த்தார். பின்பு நாற்காலியைத் திருப்பினார்.

"இது எந்த ஊரு ஆசுபத்திரி புள்ள?"

"நம்மதுதான்க்கா. பேரு மட்டும்தான் மாத்தியிருக்கு."

"பேரச் சொல்லலடி. எந்த நம்பரப் போட்டாலும் ஒரே ஒரு ஆளுதான் வருது. ஆளுக்கொரு போனு வச்சிருக்காகளாம்! இம்புட்டு வசதியான சனம் நம்மகிட்ட எப்ப வந்துச்சு?"

பொறியாளருக்கு எதுவும் புரியவில்லை. "ஒரு நம்பருக்கு ஒரு ஆளுதானுங்கக்கா வரணும்? அதுதானுங்க சரி" என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது எரிச்சல்தான் வந்தது. இரண்டு நாள் உழைப்பை ஒரு கேலியில் தள்ளிவிடுகிறாரே என்று இருந்தது. "அக்கா, ரெண்டு மூணு பேரு வீட்டுக்காரர் நம்பரக் குடுத்திருப்பாங்க. அது ஒரு விஷயமா?" என்றேன்.

"ரெண்டு மூணா? நீ என்னிக்காச்சும் சன்னல்ல வந்து ஒக்காந்திருக்கியா?"

உட்கார்ந்ததில்லை. அவ்வளவு ஆண்டுகளில் ஒரு நாள்கூட இல்லை. எழுந்து போய், என் அறையிலிருந்து அசல் தரவில் ஒரு கேள்வி கேட்டேன்: ஒருவருக்கு மேற்பட்டோருக்குப் பொதுவாக உள்ள கைபேசி எண்கள் எவை? ஐந்தாறு வரிகள் வரும் என்று எதிர்பார்த்தேன். திரை நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. உச்சியில் நின்ற எண்ணுக்கு நேரே முப்பத்து நான்கு என்று இருந்தது. முப்பத்து நான்கு பெண்கள். எல்லாரும் அகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்கள்.

அந்த எண் பூ வண்டிக்காரருடையது. அக்கா விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண்கள் விடிவதற்கு முன்பே மல்லிகை எடுக்கத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். சிலரிடம் கைபேசியே இல்லை. இருப்பவர்களுக்கும் எண் மாறிக்கொண்டே இருக்கிறது. ரீசார்ஜ் தீர்ந்தால் அது வெறும் பெட்டி. ஆனால் பூ மூட்டையை ஏற்ற வரும் வண்டிக்காரர் ஒரு நாளும் தவறுவதில்லை. அவர் எண்ணும் மாறுவதில்லை. அவரிடம் வந்த செய்தி அன்றைக்கே வயலுக்கு வந்துவிடும். மருத்துவமனையில் எண் கேட்டால் அவருடையதைச் சொல்வது அவர்களுக்கு இயல்பான ஏற்பாடு. அக்கா அந்த எண்ணைத் தட்டுவார், பெயர்ப் பட்டியல் ஒன்று விரியும், "இதுல நீ யாரும்மா?" என்று கேட்பார். பழைய மென்பொருளில் இப்படித்தான் காலம் காலமாக நடந்துவந்தது. இதைப் போலவே ஒரு தேநீர்க் கடை எண்ணில் பத்தொன்பது பேர், ஒரு செங்கல் சூளை மேற்பார்வையாளரின் எண்ணில் பதினைந்து பேர்.

நான் செய்த தவறு என்ன என்பது அப்போது எனக்கு விளங்கியது. அடையாளத்தை மறைக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு புதிய எண்ணைக் கொடுத்திருந்தேன். அவர்களை மறைக்கும்போது, அவர்கள் வாழும் முறையையும் சேர்த்து அழித்துவிட்டேன். என் நகலில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கைபேசியும் நிலையான எண்ணும் உடைய, எங்கள் வட்டாரத்தில் இல்லாத மனிதர்கள். அந்தப் பச்சைக் குறிகள் அவர்களுக்கானவை.

மருத்துவரிடம் போய், திங்கட்கிழமை மாற்ற வேண்டாம் என்றேன். அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. "பழைய சர்வர் இன்னும் ஒரு வாரம் தாங்குமா?"

"தாங்காட்டி நோட்டுல எழுதுவோம் மேடம். ஆனா இதப் பாக்காம மாத்த வேணாம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி. வரிசையில நிக்கிற கூட்டத்துக்கு நீயே பதில் சொல்லிக்க" என்றார்.

மீண்டும் பேக்கப். மீண்டும் அந்த நோட்டில் இரண்டு கையெழுத்து. இம்முறை கைபேசி எண்களை வேறு விதமாக மாற்றினேன். ஓர் உண்மை எண் எத்தனை பேரிடம் இருந்தாலும், அத்தனை பேருக்கும் ஒரே பொய் எண் கிடைக்கும். வண்டிக்காரரின் எண் யாருக்கும் தெரியாது; ஆனால் அந்த முப்பத்து நான்கு பேரும் ஒரே எண்ணின் கீழ் ஒன்றாகவே நிற்பார்கள். எந்த எண் எதுவாக மாறியது என்று திரும்பக் கண்டுபிடிக்க உதவும் சாவியை வேலை முடிந்ததும் அழித்துவிட்டேன். உருவம் மிஞ்ச வேண்டும், முகம் தெரியக் கூடாது; அதுதான் என் கணக்கு.

சனிக்கிழமை முழுக்க இதிலேயே போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊருக்குத் திரும்ப முடியாத வருத்தத்தை முகத்தில் காட்டிக்கொண்டே பொறியாளர் தரவை மீண்டும் ஏற்றினார். பச்சைக் குறிகள் அதேபோல் வந்தன. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. அதுவும் ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மாற்றிய தரவில் முப்பத்து நான்கு பேருக்குப் பொதுவாக இருந்த பொய் எண்ணைத் தேடி எடுத்துத் தட்டினேன். முப்பத்து நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெண் வந்தார்.

கைபேசி எண் ஒன்றானால் ஆளும் ஒருவரே என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொண்டிருந்தது. யாரையும் கேட்காமல், எந்த எச்சரிக்கையும் தராமல், எல்லாரையும் ஒருவராக இணைத்துவிட்டது. பெயரும் வயதும் கடைசியாகப் பதிவானவருடையவை. மருந்துப் பட்டியலில் முப்பத்து நான்கு பேரின் மாத்திரைகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன; சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் வலிப்புக்கும். அதைவிட அச்சமூட்டியது அதற்கு மேலே இருந்த ஒரு வரி. அந்தப் பெண்களில் ஒருவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பது அசலில் இருந்தது. கடைசியாகப் பதிவானவருக்கு ஒவ்வாமை எதுவும் கிடையாது. எனவே இணைந்த பதிவில், 'ஒவ்வாமை: இல்லை' என்று தெளிவாக, நேர்த்தியான எழுத்தில் எழுதியிருந்தது.

முதல் சோதனையை நம்பி மாற்றியிருந்தால் மறுநாள் திங்கட்கிழமை இதுதான் எங்கள் உண்மையான திரையாக இருந்திருக்கும்.

பொறியாளர் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். "இது எங்க தப்புங்க மேடம். எங்க பக்கம் ஒரு ஆளுக்கு ரெண்டு நம்பர் இருக்குதுங்க. ஒரு நம்பருக்கு முப்பது ஆளு இருப்பாங்கன்னு நெனச்சே பாக்கலைங்க."

தேநீர் கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "காலையில நாலு மணிக்கு மல்லித் தோட்டத்துக்கு வா அப்பு. நெனைக்கவே வேணாம், கண்ணாலயே பாக்கலாம்" என்றார்.

பொறியாளர் கோவைக்குத் திரும்பினார். திருத்தி எடுத்துவரப் பத்து நாள் கேட்டார். அந்தப் பத்து நாளை நான் எளிதில் மறக்க மாட்டேன். புதன்கிழமை காலையில், நான் பயந்தபடியே, பழைய சர்வர் விழுந்தது. எழுப்ப இரண்டு நாள் ஆனது. மருத்துவர் சொன்னபடி பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பதால், அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, நீள நோட்டில் கையால் சீட்டு எழுதினேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என் கையெழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரு படிச்ச புள்ளையா நீ? அதான் எழுத்து இம்புட்டு லச்சணமா இருக்கு" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கை மட்டும் நிற்கவில்லை.

ஆனால் அந்த முக்காலியில்தான், பெயரைக் கேட்டால் தயங்குகிறவர்களும் எண்ணைக் கேட்டால் மடித்த துண்டுச் சீட்டை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டுகிறவர்களும் என் கண்ணில் பட்டார்கள். "இது யாரு நம்பரும்மா?" என்று நான் கேட்கத் தொடங்கினேன். "எங்க ஓனரு", "பக்கத்து வீட்டு டீச்சரு", "மருமகன், ஆனா திருப்பூர்ல இருக்காரு." என் சோதனைக் கணினிக்கு வந்துசேராத ஓர் ஊரே அந்தச் சன்னலுக்கு வெளியே நின்றிருந்தது.

பத்தாம் நாள் பொறியாளர் திருத்திய மென்பொருளோடு வந்தார். யாரும் சொல்லாமலே கைபேசியைப் பிஸ்கட் டப்பாவில் போட்டார். அதே பூட்டிய அறை, அதே நகல், அதே பொய் எண்கள். தரவு ஏறி முடிந்ததும் எண்ணிக்கையைப் பார்த்தேன். பழையதும் புதியதும் சரியாகப் பொருந்தின. ஆனால் அந்த எண்ணிக்கையை நான் இனி அவ்வளவு சுலபமாக நம்பத் தயாராக இல்லை. நாற்காலியை அக்காவுக்குக் கொடுத்தேன்.

அவர் அந்தப் பொய் எண்ணைத் தட்டினார். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. எல்லாம் பொய்ப் பெயர்கள். ஆனால் முப்பத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் வயது, அதனதன் மருந்து. பட்டியலின் நடுவே ஒரு பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்தில், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை. அக்கா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். கடைசிப் பெயருக்கு வந்ததும் மேசையை ஓங்கித் தட்டினார்.

"இப்பத்தான்டி இது நம்ம ஊரு!"

பொறியாளர் எழுந்து நின்று கைதட்டினார். அன்று மதியம் எங்கள் மூவருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தவர் தலைமை மருத்துவர். "இனிமே எவனாச்சும் டேட்டாவ மெயில்ல அனுப்புன்னு கேட்டா, அக்காவ விட்டுப் பேசச் சொல்லு" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அசல் தரவோடு புதிய மென்பொருளுக்கு மாறினோம். ஏதேனும் சிக்கல் வந்தால் சரிசெய்வதற்காக, உள்ளே வருபவர்களின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, மருத்துவர் அறையில் ஒரு மூலையில் நின்றேன். பத்து மணியளவில் ஒரு பெண் காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். தோட்டத்து முள்வேலிக் கம்பி கிழித்ததைக் கவனிக்காமல் விட்டதில் புண் சீழ் பிடித்திருந்தது. மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு மருந்து எழுதத் திரையைத் திறந்தார். மேலே, பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற சிவப்பு வரி நின்றது. மருத்துவரின் கையும் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணும் திரையை எட்டிப் பார்த்தார். "என்னம்மா, செவப்பா என்னமோ எரியுது?"

"ஒண்ணுமில்லம்மா. உங்களுக்கு ஒரு மருந்து ஒத்துக்காதாம். ஞாபகப்படுத்துது" என்றார் மருத்துவர்.

"ஆமா! சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஊசி போட்டு மேலெல்லாம் தடிச்சுப் போச்சுன்னு அம்மா சொல்லும். நானே மறந்துட்டேனே!" என்று அவர் வியந்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பரபரத்தார். "சட்டுன்னு எழுதிக் குடுங்கம்மா, பஸ்ஸு போயிரும்."

மருத்துவர் வேறு மருந்தை எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, காலைத் தாங்கித் தாங்கி வேகமாக வெளியேறினார். அந்த வரி திரையில் நிற்பதற்காக நடந்தவை எவையும் அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பின்னொரு நாள் அவர் வந்தபோது நடந்ததைச் சொல்லி, இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரு போடாம எழுதிக்கங்க" என்று சிரித்தார். போடவில்லை.

முந்தைய ஆண்டு என் முன் நின்ற அந்தப் பெண்ணுக்கு இது ஈடாகாது என்பதை நான் அறிவேன். ஒருவருக்குச் செய்த தீங்கு, இன்னொருவருக்குச் செய்த நன்மையால் கழிந்துவிடாது. ஆனாலும், ஒருவரைப் பாதுகாப்பது என்றால் அவருடைய பெயரை மறைப்பது மட்டும் அன்று, அவர் எப்படி வாழ்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வதும்தான் என்று அந்த ஒரு மாதத்தில் கற்றேன்.

இப்போது எங்கள் மருத்துவமனையில் எந்தச் சோதனையும் அந்தப் பூட்டிய அறைக்கு வெளியே நடப்பதில்லை. சோதனை முடிந்ததும் நகலை அழித்து இருவர் கையெழுத்திடுகிறோம். மாதத்தில் ஒரு நாள் காலை நான் பதிவுச் சன்னலில் உட்காருகிறேன். எங்கள் பதிவுப் படிவத்தில் கைபேசி எண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'இந்தக் கைபேசி யாருடையது?'